ரவீன் பக்கத்து வீடு வாங்கப் போறீங்களா? மரம், மண், ஜோனிங் எல்லாம் பாத்துட்டு ஆஃபர் போடுங்க (டொராண்டோ)

ரவீன்னா ஆறு, ஓடை ஓடுற, மரம் அடர்ந்த பள்ளத்தாக்கும் அதோட சரிவும். ஸ்கார்பரோ, பிக்கரிங் பக்கம் வீடு தேடுற புது ஆளுங்க நிறைய பேர் "பின்னாடி ரவீன், யாரும் கட்டிடம் கட்ட முடியாது, வாங்கலாமா"ன்னு கேக்குறாங்க. தாராளமா வாங்கலாம். ஆனா யாரும் கட்ட முடியாதுங்கறதுல நீங்களும் அடக்கம். பத்திரம் உங்க பேர்ல இருந்தாலும் அந்தச் சரிவுல ஒரு மரம் வெட்டவோ ரெண்டு லோடு மண்ணு கொட்டி மேடாக்கவோ டெக் (வீட்டோட பின்பக்க மரத் திண்ணை) போடவோ பெரும்பாலும் முன்கூட்டியே பர்மிட் வாங்கணும், சிட்டி கிட்ட தனியா, டிஆர்சிஏ எல்லைக்குள்ள வந்தா அவங்ககிட்ட தனியா.

டிஆர்சிஏன்னா டொராண்டோ அண்ட் ரீஜன் கன்சர்வேஷன் அத்தாரிட்டி. 1954 அக்டோபர்ல ஹேசல் புயல் அடிச்சப்போ ஹம்பர் ஆறு பெருகி ரேமோர் டிரைவ்ல இருந்த வீடுகளை ராத்திரியோட ராத்திரியா அடிச்சிட்டு போயிடுச்சு, கனடாவுல 81 பேர் செத்தாங்க. அதுக்கப்புறம்தான் ஆத்துப் பள்ளத்தாக்குல வீடு கட்ட விடக்கூடாதுன்னு கெடுபிடி வந்து 1957ல இந்த அமைப்பு உருவாச்சு. அதனால இதை வெறும் பேப்பர் தொல்லைன்னு நினைக்காதீங்க, சரிவைப் பிடிச்சு நிறுத்துறதே அந்த மர வேருங்கதான், அதை எடுத்துட்டா முதல்ல சரியறது உங்க பேக்யார்ட்தான்.

மர விஷயத்துலதான் நம்ம ஆளுங்க அதிகமா மாட்டுறாங்க. டொராண்டோவுல தனியார் நிலத்து மரத்துக்கு 30 செ.மீ. விட்டம்தான் கணக்கு, அந்த அளவோ அதுக்கு மேலயோ இருந்தா வெட்ட பர்மிட் வேணும். தரையிலருந்து 1.4 மீட்டர் உயரத்துல டேப்பை மரத்தைச் சுத்திப் பிடிங்க, சுற்றளவு 94 செ.மீ. வந்தாலே அந்தக் கணக்குல வந்துடும். ரவீன் பைலாவுக்குள்ள (பைலான்னா சிட்டி போடுற சட்டம்) வர்ற இடம்னா சைஸே கிடையாது, விரல் தடிமன் மரக்கன்னா இருந்தாலும் பாதுகாப்பு உண்டு. முன்பக்க புல்தரையில நிக்கிற மேப்பிள் பல வீட்டுல உங்களோடதே இல்ல, சிட்டி மரம், அதுல கையே வைக்கக்கூடாது. வேலி எல்லையில அடிமரம் ரெண்டு பக்கமும் இருந்தா அது பக்கத்து வீட்டுக்காரருக்கும் பொது, அவர் சம்மதம் இல்லாம வெட்டறது ஒன்டாரியோ சட்டப்படி குற்றம். அப்புறம் வெட்டினாதான் தப்புன்னு இல்ல, டிரைவ்வே அகலப்படுத்த இன்டர்லாக் கல்லு போடறேன்னு வேரை அறுத்தாலும் அது காயப்படுத்தினதா கணக்கு. அபராதம் ஒரு மரத்துக்கு 500 டாலர்ல ஆரம்பிச்சு 1,00,000 டாலர் வரைக்கும் போகும். காஞ்சு போன மரம்னா கூட போட்டோ அனுப்பி சிட்டி சரின்னு சொன்ன அப்புறம் ரம்பத்தை எடுங்க. "இதுக்கெல்லாம் பர்மிட் வேணாம் அண்ணே"ன்னு சொல்ற மரம் வெட்டுற ஆளை நம்பவே நம்பாதீங்க. மார்க்கம் மாதிரி பக்கத்து ஊருங்களுக்கு அவங்கவங்க பைலா தனி, டொராண்டோ கணக்கை அங்க வெச்சுப் பாக்காதீங்க.

ஜோனிங், அதாவது எந்த இடத்துல என்ன, எவ்ளோ பெருசா கட்டலாம்ங்கற விதி, அதைச் சுருக்கமா சொல்றேன். 569-2013ங்கற பைலாதான் டொராண்டோவுக்கு பெரும்பாலும் அடிப்படை, எல்லையிலருந்து எவ்ளோ தள்ளணும், எவ்ளோ உயரம், எவ்ளோ இடத்தை செடி கொடிக்கு மண்ணாவே விடணும் எல்லாம் அதுல இருக்கு. 15 சதுர மீட்டர் வரைக்கும் சாதா ஷெட்டுக்கு பில்டிங் பர்மிட் தேவையில்லன்னு கேள்விப்பட்டுட்டு எல்லையை ஒட்டி வெச்சுடுறாங்க, பர்மிட் வேணாம்னாலும் ஜோனிங் விதி இருக்கத்தான் செய்யும். 2023லருந்து சிட்டி முழுக்க ஒரு லாட்ல (வீட்டு மனையில) நாலு யூனிட், அதாவது நாலு தனித்தனி குடியிருப்பு, வரைக்கும் விட்டுருக்காங்க, அதை நம்பி பெரிய பிளான் போடறவங்க பின்னாடி இருக்கிற மரத்தை முதல்ல பாருங்க, அந்த அனுமதி மர பைலாவை ஒண்ணும் பண்ணாது. விதிக்கு கொஞ்சம் மீறி கட்டணும்னா கமிட்டி ஆஃப் அட்ஜஸ்ட்மென்ட்ங்கற சிட்டி குழுகிட்ட மைனர் வேரியன்ஸ், அதாவது சின்ன விதிவிலக்கு, கேக்கலாம், 60 மீட்டருக்குள்ள இருக்கிற வீடுகளுக்கு நோட்டீஸ் போகும், அதனால அதுக்கு முன்னாடியே நீங்களே போய் பிளானைக் காட்டிப் பேசிடுங்க.

இப்ப நீங்க செய்ய வேண்டியது, சிட்டியோட ஜோனிங் மேப்லயும் டிஆர்சிஏ மேப்லயும் அட்ரஸ் போட்டுப் பாருங்க, ரெண்டும் ஃப்ரீ. டிஆர்சிஏ எல்லையைக் காட்டுற கலர் உங்க லாட் மேல விழுந்தா ஆஃபர்ல கண்டிஷன் போடச் சொல்லி ரியல்டர் கிட்டயும் லாயர் கிட்டயும் கேளுங்க. ஏற்கனவே இருக்கிற டெக், ரிட்டெய்னிங் வால் (மண்ணைத் தாங்குற சுவர்), பேஸ்மென்ட் யூனிட்டுக்கு பர்மிட் பேப்பர் கேட்டு வாங்குங்க, பழைய ஓனர் பர்மிட் இல்லாம கட்டியிருந்தாலும் நாளைக்கு சரி பண்ணச் சொல்லி ஆர்டர் வர்றது அப்போ ஓனரா இருக்கிற உங்களுக்குத்தான்.