ஏடிஐ கணக்கில் 100-ஆல் வகுப்பது ஏன்?

கேள்வி: உணவுச் சேர்பொருள்களுக்கு ஜெக்ஃபா (FAO, உலக சுகாதார அமைப்பு ஆகியவற்றின் கூட்டு நிபுணர் குழு) தினசரி ஏற்கத்தக்க அளவை (ஏடிஐ) நிர்ணயிக்கும்போது, விலங்குச் சோதனை அளவை 100-ஆல் வகுக்கிறார்களே, ஏன்? ஈயத்துக்கும் இதே வழிதானா?

பதில் 1: விலங்குக்கும் மனிதருக்குமான வேறுபாட்டுக்கு 10, மனிதருக்குள் உள்ள வேறுபாட்டுக்கு இன்னொரு 10. தீங்கு தென்படாத உச்ச அளவு உடல் எடையில் கிலோவுக்கு 500 மி.கி. என்றால் ஏடிஐ 5 மி.கி. 60 கிலோ எடையுள்ளவருக்கு நாளொன்றுக்கு 300 மி.கி.; 15 கிலோ குழந்தைக்கோ 75 தான். பெரியவர் கணக்கைக் குழந்தைக்குப் போடுவதுதான் அடிக்கடி நடக்கும் பிழை. 100 என்பது கல்வெட்டு அல்ல, ஆய்வுத் தரவு போதாதபோது கூடுதலாகவும் வகுப்பார்கள்.

பதில் 2: ஈயத்துக்கு இது செல்லாது. வாரத்துக்குக் கிலோவுக்கு 25 மைக்ரோகிராம் என்றிருந்த வரம்பை 2010-இல் ஜெக்ஃபா திரும்பப் பெற்றது. குழந்தைகளின் அறிவுத்திறனைப் பாதிக்காத அளவு என்று எதையும் காட்ட முடியவில்லை. மரபணுவைத் தாக்கும் புற்றுநோய்க் காரணிகளுக்கும் ஏடிஐ கிடையாது, விலங்குகளில் தீங்கு காட்டும் அளவுக்கும் மக்கள் உட்கொள்ளும் அளவுக்கும் உள்ள இடைவெளியைத்தான் பார்ப்பார்கள். மாவுச்சத்து உணவுகளைப் பொரிக்கும்போது உருவாகும் அக்ரிலமைடில், சுண்டெலிகளில் கட்டி 10 சதவீதம் கூடும் அளவின் கீழ்வரம்பு நாளொன்றுக்குக் கிலோ உடல் எடைக்கு 0.18 மி.கி., அதே கணக்கில் மக்களின் சராசரி உட்கொள்ளல் 0.001 மி.கி. இடைவெளி வெறும் 180 மடங்கு. 10,000 இருந்தால்தான் கவலை குறைவு என்பார்கள்.

பதில் 3: 2023-இல் அஸ்பார்டேம் என்ற செயற்கை இனிப்பூட்டியை ஐஏஆர்சி (உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை) 2பி பிரிவில், அதாவது 'புற்றுநோய் உண்டாக்கக்கூடும்' என்ற பிரிவில் வைத்தது; ஜெக்ஃபா கிலோவுக்கு 40 மி.கி. வரம்பை மாற்றவில்லை. இதை முரண்பாடு என்று பரப்புவது தவறு. முன்னது புற்றுநோய் உண்டாக்கும் தன்மைக்கான சான்றின் வலுவை எடைபோடுகிறது, பின்னது உண்ணும் அளவில் ஆபத்து எவ்வளவு என்று கணக்கிடுகிறது.