நத்தார்ப் பொதியை நிறுத்தலாமா? யாழ் நகர மெதடிஸ்த சபையின் சமூகப் பணி பற்றி ஒரு விவாதம்

வேம்படிக்காரி:

எங்கள் சேகரத்தில் (பல ஆலயங்கள் சேர்ந்த சபைப் பிரிவில்) வறிய வீடுகளுக்குக் கொடுக்கும் நத்தார் உணவுப் பொதிக்குப் பட்டியல் எழுதத் தொடங்கிவிட்டார்கள். போன வருடம் போலவே மண்டபத்தில் கதிரை போட்டு, பெயர் கூப்பிட்டு, பதாகைக்கு முன்னால் ஒவ்வொருவராக நிறுத்திப் படம் எடுத்துக் கொடுப்பதாகத்தான் ஏற்பாடு. இதை விட்டுவிட வேண்டும் என்று பெண்கள் சங்கக் கூட்டத்தில் சொன்னேன். அங்கே பேசி முடிக்க நேரம் கிடைக்கவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன். மாற்றுக் கருத்து உள்ளவர்கள் வெளிப்படையாகவே எழுதுங்கள்.

குருநகர்ப் பக்கம் தனியாக இருக்கும் ஒரு அம்மாவிடம் அடிக்கடி போய்வருகிறேன். போன நத்தாருக்கு அவருக்கும் ஒரு பொதி கிடைத்தது. மாசி மாதம் போனபோது பச்சையரிசிப் பை அடுப்படி மூலையில் வண்டு பிடித்துக் கிடந்தது. "எனக்குக் குத்தரிசிச் சோறுதான் பிள்ளை செமிக்கும். ஆரும் கேட்டவையே?" என்றார். பால்மாவைச் சந்திக் கடையில் பாதி விலைக்குக் கொடுத்து, அந்தக் காசுக்குப் பிரஷர் குளிசை வாங்கியிருக்கிறார். அதே குளிசை பெரியாஸ்பத்திரியில் சும்மா கிடைக்கும். விடியவெள்ளனக் கூட்டிக்கொண்டு போய், இலக்கம் எடுத்துக் கொடுத்து, கூட இருக்க அவருக்கு ஒரு ஆள் இல்லை.

1814 இல் மெதடிஸ்த மிஷனரிமார் லிஞ்சும் ஸ்குவான்சும் யாழ்ப்பாணத்துக்கு வந்து இரண்டு வருடத்தில் பள்ளிக்கூடம் தொடங்கினார்கள். அதுதான் பிறகு மத்திய கல்லூரி. அப்புறம் வேம்படி, பருத்தித்துறையில் ஹாட்லி. பள்ளிக்கூடம் இருந்த காலத்தில் சனம் எங்களைத் தேடி வந்தது. 1960களின் தொடக்கத்தில் மத்திய கல்லூரியும் வேம்படியும் அரசாங்கத்திடம் போய்விட்டன. அதன்பிறகு நாங்கள்தான் சனத்தைத் தேடிப் போயிருக்க வேண்டும். போகவில்லை. வருடத்துக்கு ஒருமுறை மண்டபத்துக்கு வரச்சொல்லி ஆள் அனுப்புகிறோம்.

பொதிக்குப் போகிற காசை மூன்று காரியத்துக்குத் திருப்பலாம் என்பது என் கருத்து: மாதம் முழுவதும் வீடு போய்ப் பார்ப்பது, மண்டபத்தில் நடக்கிற பின்னேர வகுப்பைப் பெருப்பிப்பது, கிளினிக் நாட்களில் ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களுக்குக் காலைத் தேநீர். வடக்கு மாகாணத்தின் போதனா வைத்தியசாலை எங்கள் நகரத்துக்குள் இருக்கிறது. நெடுந்தீவில் முதல் படகு ஏறி, குறிகாட்டுவானில் இறங்கி, பஸ் பிடித்து வெறும் வயிற்றோடு வந்து நிற்கிற சனத்தை நாங்கள் ஒவ்வொரு நாளும் கடந்து போகிறோம்.

கொட்டடியான்:

தங்கச்சி, உங்கள் சேவையை நான் அறிவேன். ஆனால் சபைக் கணக்கைப் பார்க்கிறவன் என்ற முறையில் சிலதைச் சொல்ல வேண்டும்.

2022 பொருளாதார நெருக்கடியை மறந்துவிட்டீர்களா? அந்த செப்டெம்பரில் கொழும்பு விலைச்சுட்டெண் காட்டிய உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதம். காஸ் இல்லை, மண்ணெண்ணெய்க்கு வரிசை, கடலுக்குப் போகிறவனுக்கு எண்ணெய் இல்லை. அந்த நேரம் நாங்கள் கொடுத்த பொதியில் எத்தனையோ வீட்டில் உலை கொதித்தது. "வீடு போய்ப் பார்க்கிறோம்" என்று சொல்லிக்கொண்டு வெறுங்கையோடு போயிருந்தால் முகத்தில் அடித்த மாதிரி இருந்திருக்கும்.

அடுத்தது, யார் போவது? ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு வந்து பாருங்கள். முன்வரிசையில் இருப்பவர்களைத்தான் யாராவது போய்ப் பார்க்க வேண்டும். படித்த பெடியள் கொழும்புக்கோ வெளிநாட்டுக்கோ போய்விட்டார்கள். பொதி என்றால் இருக்கிற நாலு பேர் ஒரு பின்னேரத்தில் கட்டிக் கொடுத்துவிடலாம். வீடு வீடாகப் போவதற்கு வருடம் முழுக்க ஆள் வேண்டும். இல்லாத ஆளை நம்பி, நடக்கிற ஒரு நல்ல காரியத்தை நிறுத்தக் கூடாது.

கொடுப்பதும் எங்கள் மரபுதான். 1785 தை மாதம், 81 வயதில், மெதடிஸ்த இயக்கத்தைத் தொடங்கிய ஜோன் வெஸ்லி லண்டன் தெருக்களில் கணுக்கால் அளவு உருகிய பனிக்குள் நாட்கணக்காக நடந்து, ஏழைகளுக்கு உடுப்பு வாங்க 200 பவுண் இரந்து சேர்த்தார். ஒவ்வொரு வருடமும் அந்தக் காலத்தில் கரியும் பாணும் கொடுப்பது வழக்கம் என்றும் தன் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். அதுவும் பொதிதானே?

ரொறன்ரோ சென்றல்காரன்:

படம் எடுப்பதைப் பற்றி நான் சொல்லத்தான் வேண்டும். இங்கே பழைய மாணவர்களிடமும் சொந்தக்காரர்களிடமும் காசு சேர்த்து அனுப்புகிறவர்களில் நானும் ஒருவன். பனிக்காலத்தில் இரண்டு வேலை செய்கிறவர்கள் தருகிற காசு அது. ஊருக்கு அனுப்பிய காசு போய்ச் சேராமல் ஏமாந்த கதை இங்கே வீட்டுக்கு வீடு இருக்கிறது. ஒரு படத்தை வட்ஸ்அப்பில் போட்டால்தான் அடுத்த முறை கேட்க முடியும். இதைப் பெருமைக்குச் செய்கிறோம் என்று யாரும் நினைக்க வேண்டாம். நம்பிக்கை குறைந்த இடத்தில் கண்ணால் பார்க்கத்தான் ஆட்கள் கேட்பார்கள்.

பின்னேர வகுப்புப் பெடியன்:

அண்ணை, மன்னிக்கவும், குறுக்கே வருகிறேன். அந்த மண்டபத்துப் பின்னேர வகுப்பில் கணிதம் படித்துத்தான் நான் சாதாரண தரம் பாஸ் பண்ணினேன். இப்போது கம்பஸில் படிக்கிறேன். ஒரு நத்தாருக்கு அம்மாவுக்குக் காய்ச்சல் என்று நான் போய்ப் பொதி வாங்கினேன். அந்தப் படம் முகநூலில் வந்தது. தவணை தொடங்கிய அன்று வகுப்பில் ஒருவன் போனை எடுத்து எல்லோருக்கும் காட்டினான். அதற்குப் பிறகு பல வாரம் நான் பின்னேர வகுப்புக்கும் போகவில்லை, அந்தப் பக்கமே தலைகாட்டவில்லை. கணிதம் சொல்லித்தந்த ரீச்சர் வீட்டுக்கு வந்து வாசலில் நின்று கூப்பிட்டதால்தான் திரும்பிப் போனேன்.

நீங்கள் கேட்கிற அத்தாட்சிக்கு என் முகம் எதற்கு? கடைப் பற்றுச்சீட்டு போதாதா?

வேம்படிக்காரி:

தம்பி, நீங்கள் எழுதியதை நான் சேகரக் கூட்டத்தில் அப்படியே வாசிக்க அனுமதி தருவீர்களா?

கொட்டடியான் அண்ணை, வெஸ்லி 200 பவுண் இரந்தது உண்மை. அவரே தெருவில் இறங்கி நடந்தார் என்பதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். இன்னொன்றும் இருக்கிறது. 1742 இல் பிரிஸ்ரல் ஆலயக் கட்டடக் கடனை அடைக்க, ஆளுக்குக் கிழமைக்கு ஒரு பென்னி என்று முடிவெடுத்தார்கள். ஏழைகள் எப்படிக் கொடுப்பது என்று கேள்வி வந்தபோது ஒருவர் எழும்பி, மிகவும் ஏழையான பதினொரு பேரை என்னிடம் விடுங்கள், அவர்களால் முடியாவிட்டால் அவர்களுக்காகவும் நானே போடுகிறேன் என்றார். பன்னிரண்டு பேர் கொண்ட குழுவுக்கு "வகுப்பு" என்று பெயர் வைத்து, அதற்கு ஒருவர் பொறுப்பு என்று வகுப்புத் தலைவர்கள் வந்தது அப்படித்தான். காசு சேர்க்க வீடு வீடாகப் போனவர்கள் அந்தந்த வீட்டில் என்ன நடக்கிறது என்பதைக் கண்டு வந்து சொன்னார்கள். மெதடிஸ்த சபை வளர்ந்ததே அந்தப் போக்குவரத்தில்தான்.

கொட்டடியான்:

நீங்கள் சொன்ன கதையே என் பக்கம்தான் பேசுகிறது. அது கடன் அடைக்கத் தொடங்கிய வேலை! காசு இல்லாமல் எந்தச் சேவையும் ஓடாது. எங்கள் மண்டபக் கூரை மழைக்கு ஒழுகுகிறது. பின்னேர வகுப்பு நடப்பதும் அந்தக் கூரைக்குக் கீழேதான். பொதிக்கு வருகிற காசைத்தான் வெளிநாட்டுப் பிள்ளைகள் மனதாரத் தருகிறார்கள். அதை நிறுத்தினால் அந்தக் காசு தேநீருக்குத் திரும்பும் என்று யார் சொன்னது? அது வேறெங்கோ போய்விடும்.

வண்ணார்பண்ணை வாசி:

நான் சைவன். என் மகள் அந்தப் பின்னேர வகுப்புக்கு வருகிறாள், நல்ல படிப்பு. அதனால் எனக்கும் இதில் பேச இடமுண்டு என்று நினைக்கிறேன்.

உங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரு கேள்வி. வீடு வீடாகப் போவதும் வகுப்பைப் பெருப்பிப்பதும் சேவையா, மதம் மாற்றுவதற்கு வழியா? வகுப்பு ஜெபத்தோடு தொடங்குகிறது. மகள் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறாள். போன வருடப் பொதிக்குள் ஒரு துண்டுப்பிரசுரமும் இருந்ததை என் கண்ணால் பார்த்தேன். இல்லாதவனிடம் அரிசியையும் மதத்தையும் ஒரே பையில் போட்டு நீட்டினால், அவனால் எப்படி மறுக்க முடியும்?

ஆறுமுக நாவலர் உங்கள் பள்ளிக்கூடத்தில் படித்து, அங்கேயே படிப்பித்து, பேர்சிவல் பாதிரியாருக்கு வேதாகம மொழிபெயர்ப்பில் துணையாக இருந்தவர். அந்த மனிதர்தான் 1848 இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். பிள்ளை படிப்பதற்காகத் தன் சமயத்தை விட்டுக்கொடுக்கும் நிலை வரக்கூடாது என்பதுதான் அவருடைய கவலை. என்னுடைய கவலையும் அதுதான்.

கொட்டடியான்:

ஐயா, மரியாதையோடு சொல்கிறேன். அது எங்கள் மண்டபம். ஒரு நிமிட ஜெபத்தை ஒளித்து வைக்க எங்களுக்குத் தேவையில்லை. விரும்பிய சமயத்தைப் பின்பற்றும் சுதந்திரத்தை அரசியலமைப்பின் 10ஆம் உறுப்புரை தருகிறது. அதை வழிபாட்டிலும் போதனையிலும் வெளிப்படுத்தும் உரிமை 14ஆம் உறுப்புரையில் இருக்கிறது. விருப்பமில்லாதவர்கள் ஐந்து நிமிடம் பிந்தி வரலாம். நாங்கள் எந்த விசுவாசத்தால் இதைச் செய்கிறோமோ அதைச் சொல்லாமல் செய்தால், நாங்களும் இன்னொரு என்ஜிஓ ஆகிவிடுவோம்.

வேம்படிக்காரி:

இதில் நான் வண்ணார்பண்ணை ஐயாவின் பக்கம்தான் நிற்பேன். பத்து வயதுப் பிள்ளையைப் பிந்தி வரச்சொல்வது என்பது, எல்லோரும் பார்க்க அவளைத் தனியாக நிறுத்துவது. வகுப்பு முடிந்தபிறகு ஜெபம் வைத்தால் போகிறவர்கள் போகலாம், இருக்கிறவர்கள் இருக்கலாம். துண்டுப்பிரசுரம் பொதிக்குள் போகவே கூடாது.

நான் போகிற வீடுகளில் பாதிக்கு மேல் சைவ வீடுகள். சுவாமிப் படத்துக்குக் கீழே பாய் விரித்துத் தருகிறார்கள், இருந்து கதைக்கிறேன். அவர்கள் கேட்டால் ஒழிய ஜெபிக்க மாட்டேன். ஒரு வீட்டில் அஸ்வெசும என்ற அரசாங்க நலன்புரிக் கொடுப்பனவுப் பட்டியலில் பெயர் விடுபட்டுவிட்டது. 2023 இல் சமுர்த்திக் கொடுப்பனவுக்குப் பதிலாக அது வந்ததிலிருந்து அந்த ஐயாவுக்கு ஒரு சதமும் இல்லை. அடையாள அட்டையில் ஒரு எழுத்து, வங்கிப் புத்தகத்தில் வேறு எழுத்து. விதானையாரிடமும் பிரதேச செயலகத்துக்கும் அவரோடு திரும்பத் திரும்பப் போய்த்தான் அது சரிவந்தது. இப்போது மாதாமாதம் அவர் கணக்கில் விழுகிற காசு எங்கள் பொதியை விடப் பெரியது. இதற்குச் சபைக்கு ஆன செலவு ஓட்டோக் காசு மட்டும். அங்கே நான் விசுவாசத்தை ஒளித்தேனா அண்ணை? ஏன் வருகிறாய் என்று அவர் கேட்டார். சொன்னேன்.

வண்ணார்பண்ணை வாசி:

நீங்கள் சொல்வதை நம்புகிறேன் அம்மா. ஆனால் நாளைக்கு உங்களுக்குப் பதிலாக வேறு ஒருவர் வருவார். ஜெபம் வகுப்புக்குப் பிறகுதான், பொதியில் பிரசுரம் இல்லை, பெற்றோர் சம்மதம் இல்லாமல் பிள்ளையை ஆராதனைக்குக் கூப்பிடுவதில்லை என்று சபை எழுத்தில் தரட்டும். அதுவரை என் ஐயம் போகாது. மகளை நிறுத்தமாட்டேன், ஆனால் கேட்டுக்கொண்டே இருப்பேன்.

ரொறன்ரோ சென்றல்காரன்:

தம்பி எழுதியதை இங்கே குழுவில் போட்டேன். முகம் தெரிகிற படம் வேண்டாம் என்று சிலர் உடனே சொன்னார்கள், சிலர் சொல்லவில்லை. தேநீர்த் திட்டத்துக்கு நான் தனியாகவே தருகிறேன், தேயிலை, சீனி, பாண், காஸ் என்று கணக்குக் காட்டலாம். ஆனால் "வீடு போய்ப் பார்த்தது" என்பதற்கு என்ன பற்றுச்சீட்டு அனுப்புவீர்கள்? இதற்குப் பதில் இல்லாமல் நான் யாரிடமும் காசு கேட்க முடியாது.

வேம்படிக்காரி:

ஓட்டோப் பற்றுச்சீட்டு, கிளினிக் திகதி, எந்த அலுவலகத்துக்கு என்ன காரியமாகப் போனோம் என்ற குறிப்பு. பெயரும் முகமும் இல்லாமல் மாதாமாதம் ஒரு பக்கம் எழுதி அனுப்புகிறேன். சேகரத்தின் கணக்காய்வாளர் கையெழுத்தும் இருக்கும். படத்தை விட அது கூடுதலாகச் சொல்லும்.

பின்னேர வகுப்புப் பெடியன்:

அக்கா, கூட்டத்தில் வாசியுங்கள், என் பெயர் வேண்டாம். சனிக்கிழமைகளில் கணித வகுப்பை நான் எடுக்கிறேன். என்னோடு படிக்கிற இரண்டு பெடியளும் வருவார்கள், அவர்கள் சைவம். ஜெபம் எப்போது என்று தெரிந்தால் அவர்களிடம் சொல்ல வசதி.

கொட்டடியான்:

ஆள் இல்லை என்றேன், மூன்று பேர் கிடைத்திருக்கிறார்கள், சந்தோஷம். ஆனாலும் பொதியை நிறுத்த நான் சம்மதிக்க மாட்டேன். ஜெபத்தைப் பின்னுக்குத் தள்ளுவதற்கும் கூட்டத்தில் எதிராகவே பேசுவேன். அதைச் சேகரத்துக்குப் பொறுப்பான முகாமைக்குருவும் தலைவர்களும் தீர்மானிக்கட்டும். மேடையும் பதாகையும் வேண்டாம் என்பதற்கு மட்டும் என் ஆதரவு உண்டு. வீட்டுக்கே ஓட்டோவில் கொண்டுபோய்க் கொடுப்போம். யாருக்குக் குத்தரிசி, யாருக்குப் பால்மா வேண்டாம் என்று உங்களுக்குத்தான் தெரியும், தங்கச்சி. வெள்ளிக்கிழமைக்கு முன் எழுதித் தாருங்கள், மொத்தக் கடையில் விலை கேட்க வேண்டும்.

வேம்படிக்காரி:

வியாழக்கிழமை தருகிறேன் அண்ணை. பொதியா வேறா என்பதைக் கூட்டத்தில் தொடர்வோம், நான் விடப்போவதில்லை. குருநகர் அம்மாவுக்குக் குத்தரிசி பத்துக் கிலோ என்று இப்போதே குறித்துக்கொள்ளுங்கள். கிளினிக் நாளில் அவரைக் கூட்டிப்போக இன்னும் ஆள் வேண்டும். ஆஸ்பத்திரிக்குக் கிட்ட இருக்கிறவர்கள் யாராவது இதை வாசித்தால் எனக்குத் தனியாக எழுதுங்கள்.