புது பாத்ரூம்: கழிவுக் குழாய்க்கு வாட்டம் போதுமா?

மாடிப்படி:
மாடியில் புது பாத்ரூம் கட்டுகிறோம். குழாய் போகத் தளத்தை 200 மி.மீ. இறக்கிப் போட்டாகிவிட்டது. டாய்லெட் ஒரு கோடியில், வெளிச்சுவரில் இறங்கும் மெயின் குழாய் மறுகோடியில். நடுவே நாலரை மீட்டர். டாய்லெட், ஷவர், வாஷ் பேசின் மூன்றையும் ஒரே 110 மி.மீ. குழாயில் சேர்த்துவிடலாம் என்கிறார் பிளம்பர். தண்ணீர் ஓட வாட்டம் (சரிவு) கிடைக்குமா? நாற்றம் வருமோ என்றும் பயம். குழாய் இன்னும் ஒட்டவில்லை.

ரசமட்டம்:
ஒட்டாதவரை நல்லது. கணக்குப் போட்டுப் பாருங்கள். மீட்டருக்கு 25 மி.மீ. வாட்டம் என்றால் நாலரை மீட்டரில் 112 மி.மீ. இறங்கும். குழாயே 110. இரண்டும் சேர்ந்து 200-ஐத் தாண்டிவிட்டது, மேலே கான்கிரீட்டும் டைல்ஸும் வேறு. 60-க்கு 1 (60 மி.மீ. நீளத்துக்கு 1 மி.மீ. இறக்கம்) வைத்தால் 75 மி.மீ. இறக்கத்தில் அடங்கும்தான். ஆனால் நடுவில் ஒரு இடம் லேசாகத் தூக்கினாலும் அங்கே கழிவு தேங்கும்.

டாய்லெட்டை மெயின் குழாய்ப் பக்கம் மாற்றிவிடுங்கள். ஒன்றரை மீட்டருக்குள் வந்தால் இறக்கம் 38 மி.மீ.தான். அடுத்து ஷவர், கடைசியில் பேசின். பேசினுக்குச் சின்னக் குழாய் போதும், அதிகம் ஆழம் கேட்காது.

மாடிப்படி:
மாற்றலாம், இடம் இருக்கிறது. பேசின் தண்ணீர் எங்கே போகும்?

ரசமட்டம்:
ஷவரின் ஃப்ளோர் டிராப்பை (தரையில் தண்ணீர் வடியும் வாய்க்குக் கீழே, கொஞ்சம் தண்ணீர் எப்போதும் நிற்கும் கிண்ணம்) பக்கவாட்டு வாய் உள்ளதாக வாங்கி, அதில் விடுங்கள். டிராப்பில் 50 மி.மீ. ஆழத்துக்காவது தண்ணீர் நிற்க வேண்டும். நாற்றத்தைத் தடுப்பது அதுதான். யாரும் குளிக்காத நாட்களில் அது வற்றிவிடும். பேசினில் கை கழுவினாலே மறுபடி நிறைந்துவிடும். முடியும் சோப்பும் சேரும் இடம் என்பதால், கை விட்டுச் சுத்தம் செய்யும்படி மூடி கழல வேண்டும்.

சின்னக்கொத்தனார்:
ஒரே குழாய் யோசனை எனக்கும் பிடிக்கவில்லை. டாய்லெட்டில் ஃப்ளஷ் செய்யும்போது அந்த வேகம் பக்கத்து டிராப்பின் தண்ணீரை உறிஞ்சிவிடும், அப்புறம் நாற்றம்தான். ஷவருக்குத் தனி 75 மி.மீ. போட்டு மெயின் குழாயில் சேருங்கள். ஆனால் டாய்லெட் இணைப்புக்கு நேர் எதிரிலோ, அதற்குக் கீழே 200 மி.மீ.க்குள்ளோ எதிர்ப்பக்கமாகச் சேர்க்கக் கூடாது. டாய்லெட் தண்ணீர் அதற்குள் புகுந்துவிடும். மெயின் குழாயின் மேல்முனை மொட்டைமாடிக்கு மேலே காற்றோட்டத்துக்குத் திறந்திருக்கட்டும், ஜன்னலை விட்டுத் தள்ளி.

திரும்பும் இடத்தில் ஒரு 90 டிகிரி எல்போவுக்குப் பதில் இரண்டு 45 போடச் சொல்லுங்கள். அடைப்பு எடுக்க, மூடியுள்ள பெண்டு (வளைவுத் துண்டு) ஒன்றாவது கை எட்டும் இடத்தில் வேண்டும்.

மாடிப்படி:
பிளம்பரிடம் காட்டினேன், டாய்லெட் இடம் மாற்றச் சம்மதித்தார். கசிவை எப்படிச் சோதிப்பது?

சின்னக்கொத்தனார்:
பசை நன்றாகக் காய்ந்ததும் கீழ்முனையை அடைத்து, ஃப்ளோர் டிராப் வாய்வரை தண்ணீர் நிரப்பி அளவைக் கோடு போட்டு வையுங்கள். கோடு இறங்கினால் ஒவ்வொரு ஜாயிண்டையும் காய்ந்த துணியால் துடைத்துப் பாருங்கள். இது முடியும்வரை குழியை மூட விடாதீர்கள். மூடுவதற்கு முன் அளவுகோல் வைத்துப் போட்டோவும் எடுத்துக்கொள்ளுங்கள், பின்னால் சுவரில் துளை போடும்போது உதவும்.