கன்வென்ஷனில் இருந்த அனல் போய்விட்டது, நான் விசுவாசத்தை விட்டுப் பின்மாற்றத்தில் இருக்கிறேனா?

கோத்தகிரி_தம்பி
எல்லோருக்கும் ஸ்தோத்திரம். கோத்தகிரி பக்கம், சி.எஸ்.ஐ. சபை. பிப்ரவரி கன்வென்ஷனில் என்னை முழுதாக ஒப்புக்கொடுத்தேன், அதற்கப்புறம் கொஞ்ச நாள் வேதத்தைத் திறந்தாலே கண் கலங்கும், அந்தக் குளிரிலும் விடியற்காலை ஜெபத்துக்கு அலாரம் தேவைப்படவில்லை. இப்போது ஒன்றுமில்லை. முழங்காலில் நின்றால் நாலு வார்த்தைக்கு மேல் வரவில்லை, எந்த அதிகாரம் வாசித்தேன் என்பது புத்தகத்தை மூடினவுடன் மறந்துபோகிறது. பெரிய பாவம் எதிலும் விழவில்லை. ஆனால் ஓய்வுநாள் பள்ளியில் பிள்ளைகள் முன்னால் நின்று இயேசு நம்மோடு பேசுகிறார் என்று சொல்ல நாக்கு கூசுகிறது, வகுப்பை விட்டுவிடுகிறேன் என்று சபை போதகரான ஐயரிடம் சொல்லலாமென்று இருக்கிறேன். தேயிலை ஃபாக்டரியில் வேலை, ஏப்ரல் மழைக்குப் பிறகு கொழுந்து கொட்டுவதால் பெரும்பாலும் இரவு ஷிப்ட், வாலிபர் கூட்டத்துக்கும் போக முடிவதில்லை. செடி நன்றாகத் துளிர்க்கக் கிளையை வெட்டிவிடும் கவாத்து உதாரணம் மட்டும் வேண்டாம், எங்கள் சபையில் வருஷா வருஷம் கேட்கிறோம்.

ஊட்டி_அக்கா
தம்பி, பின்மாறினவன் இப்படி உட்கார்ந்து கவலைப்பட மாட்டான். 42-ம் சங்கீதம் எழுதினவர் தன் ஆத்துமாவைப் பார்த்தே ஏன் கலங்குகிறாய் என்று கேட்கிறார், 88-ம் சங்கீதமோ கடைசி வரை இருட்டிலேயே முடிகிறது, ஒரு அல்லேலூயாகூட இல்லை. அதையும் வேதத்தில்தானே வைத்திருக்கிறார்கள். நம்ம ஊர் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள், கேத்தியில் பாசல் மிஷன்காரர்கள் 1840-களிலேயே வேலையைத் தொடங்கியும் இங்கத்திய படகர் சமூகத்தில் முதல் ஞானஸ்நானம் 1858-ல்தான். நடுவில் இருந்த அத்தனை வருஷமும் அவர்களுக்குத் தினமும் அனலாகவா இருந்திருக்கும்?

குன்னூர்_சகோதரன்
அக்கா சொல்வது ஆறுதல்தான், ஆனால் எல்லாவற்றையும் வறட்சி என்று சொல்லித் தப்பிக்க முடியாது. பாவத்தை அடக்கி வைத்தபோது தன் எலும்புகள் உலர்ந்துபோனதாகத் தாவீது 32-ம் சங்கீதத்தில் சொல்கிறார். உட்கார்ந்து உங்களையே ஆராய்ந்து பாருங்கள் பிரதர். மூன்று நாள் உபவாசம் எடுங்கள்.

கொடை_செண்பகனூர்
நான் கத்தோலிக்கன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இங்கே செண்பகனூரில் 1895 முதல் இயேசு சபையின் திரு இருதயக் கல்லூரி இருக்கிறது, அதனால் அந்தச் சபையைத் தொடங்கின இஞ்ஞாசியார் பேச்சு எங்கள் காதில் விழுந்துகொண்டே இருக்கும். 16-ம் நூற்றாண்டுக்காரர், முதலில் போர்வீரன். இந்த ஏற்ற இறக்கத்துக்கு அவர் தனியாக விதிகளே எழுதி வைத்திருக்கிறார். உங்களுக்குத் தேவையானது ஒன்றுதான்: மனம் வறண்டு கிடக்கும் காலத்தில், அதற்கு முன் தெளிவாக இருந்தபோது எடுத்த முடிவை மாற்றாதே. வகுப்பெடுக்க ஒப்புக்கொண்டது நல்ல மனநிலையில் என்றால், விடுவதை இப்போது முடிவு செய்யக்கூடாது. வறட்சிக்குக் காரணமாக அவர் மூன்றைச் சொல்கிறார். ஒன்று நம் சோம்பல், அந்த அளவுக்குக் குன்னூர் அண்ணன் சொல்வது சரி. இரண்டாவது, ஆறுதல் எனும் கூலி இல்லாமலும் நாம் நிற்போமா என்ற சோதனை. மூன்றாவது, அந்த அனல் நம் சாமர்த்தியத்தால் வந்ததல்ல, கொடை என்று தெரிந்துகொள்ள. உங்களுக்கு எது என்று எங்களால் சொல்ல முடியாது. இன்னொன்று, ஜெபிக்கவே பிடிக்காத நாளில் வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாக உட்காரச் சொல்வார் மனுஷன், கேட்டால் எரிச்சல் வரும், ஆனால் வேலை செய்கிறது. அன்னை தெரேசாவின் கடிதங்கள் 2007-ல் வெளிவந்தபோதுதான் அவர் பல பத்தாண்டுகள் உள்ளே இருட்டோடுதான் வேலை செய்தார் என்று உலகத்துக்கே தெரிந்தது.

பந்தலூர்_அண்ணன்
எல்லோரும் ஆவிக்குரிய காரணம் தேடுகிறீர்கள், தம்பியே எழுதியிருக்கும் இரவு ஷிப்ட் யார் கண்ணிலும் படவில்லையா? ராத்திரி முழுக்க மெஷின் சத்தத்தில் நின்றுவிட்டு, பகலில் அரைத் தூக்கம் தூங்கி எழுந்து முழங்காலில் நின்றால் வார்த்தை எங்கிருந்து வரும்? கர்மேல் மலையில் 450 பாகால் தீர்க்கதரிசிகளை ஜெயித்த எலியா அடுத்த அதிகாரத்திலேயே சூரைச்செடிக்குக் கீழே படுத்து, போதும் கர்த்தாவே என்கிறார். தூதன் வந்து பிரசங்கம் பண்ணினானா? தட்டி எழுப்பி அடையும் தண்ணீரும் கொடுத்தான், மறுபடி தூங்கவிட்டான், மறுபடி சாப்பிடச் சொன்னான். கர்த்தரைச் சந்திக்க ஓரேப் மலைக்குப் போனதெல்லாம் அப்புறம். இந்த நிலையில் மூன்று நாள் உபவாசம் கட்டாயம் வேண்டாம் தம்பி, மெஷின் பக்கத்தில் மயங்கி விழுந்தால் என்ன ஆகும்? முடிந்தால் ஷிப்ட் மாற்றிக் கேளுங்கள், ஷிப்ட் முடிந்து வரும் வழியில் ஒரே ஒரு சங்கீதம் சொன்னாலும் போதும். நன்றாகத் தூங்கியும் மனசு இப்படியே கனமாக இருந்தால் டாக்டரையும் பாருங்கள், அது விசுவாசக் குறைவு அல்ல.

குன்னூர்_சகோதரன்
இரவு ஷிப்ட் என்றால் உபவாசம் வேண்டாம், சரி. ஆராய்ந்து பார்க்கச் சொன்னதை விட்டுவிடாதீர்கள்.

கோத்தகிரி_தம்பி
எல்லோருக்கும் நன்றி. ஐயரிடம் இன்னும் எதுவும் சொல்லவில்லை, மே மாதம் பிள்ளைகளுக்கான விடுமுறை வேதப் பள்ளி, வி.பி.எஸ். வேறு வருகிறது, அதில் பாட்டு சொல்லிக்கொடுப்பது நான்தான். அது முடியும்வரை வகுப்பை விடுவது பற்றி யோசிப்பதாக இல்லை. மேஸ்திரியிடம் வாரத்தில் பாதியாவது பகல் ஷிப்ட் கேட்கப்போகிறேன், கொடுப்பாரா தெரியாது. கொடை அண்ணா, அங்கே தியானத்துக்கு சி.எஸ்.ஐ. ஆட்களைச் சேர்ப்பார்களா?

கொடை_செண்பகனூர்
ஞாயிறு பூசை முடிந்ததும் சாமியாரிடம் கேட்டுச் சொல்கிறேன் தம்பி. வருவதாக இருந்தால் ஸ்வெட்டர் எடுத்து வாருங்கள், உங்கள் ஊர் குளிர் எங்கள் குளிரிடம் நிற்காது.