காகிதச் சிப் செய்ய ஸ்கிரீன் பிரிண்டிங் தெரிந்தவர் தேவை (திருகோணமலை)

வணக்கம் உறவுகளே. சிறுநீரில் புரதம் கசிகிறதா என்று காட்டும் மலிவான காகிதச் சிப் ஒன்றை எங்கள் பாடசாலை மாணவர்களோடு சேர்ந்து செய்துகொண்டிருக்கிறேன். சலரோகம், பிறஷர் உள்ளவர்களுக்குச் சிறுநீரகம் பழுதாகத் தொடங்கினால் முதலில் தெரியும் அறிகுறிகளில் இதுவும் ஒன்று. வெருகல், குச்சவெளிப் பக்கமிருந்து ஒரு பரிசோதனைக்காக டவுனுக்கு அலைகிறவர்களை நினைத்துத்தான் தொடங்கினோம்.

2007இல் ஹார்வர்டில் ஜோர்ஜ் வைட்சைட்ஸ் குழு காட்டிய வழிதான். வடிதாளில் நீர் புகாத கோடுகள் போட்டால், பம்ப் எதுவும் இல்லாமல் தாளே திரவத்தை இழுத்துச் செல்லும். இதே முறையில் குளுக்கோஸையும் சோதிக்கலாம், ஆனால் அதற்கு நொதியம் (என்சைம்) வேண்டும். நம் வெயிலுக்கும் கடற்காற்றின் ஈரத்துக்கும் அது தாங்காது. அதனால் இப்போதைக்குப் புரதம் மட்டும். அமிலத்தன்மையை மாறாமல் வைத்திருக்கும் சிற்றிக் அமிலத் தாங்கல் கரைசலோடு டெட்ராபுரோமோபீனோல் நீலம் என்ற சாயத்தைச் சேர்த்தால் போதும், புரதம் பட்டதும் மஞ்சள் பச்சையாகி நீலத்தை நோக்கிப் போகும். பிளாஸ்டிக்கே இல்லை, பாவித்தபின் எரித்துவிடலாம்.

சிக்கல் கோடுகளில். மெழுகு மை பிரிண்டர் கிடைப்பது அரிது. ஸ்கிரீன் வழியாக மெழுகைத் தேய்த்து, சூடாக்கித் தாளுக்குள் இறக்குவது இன்னொரு முறை. ஆனால் உருகும்போது மெழுகு பக்கவாட்டிலும் பரவி வழியை அடைத்துவிடுகிறது. டீசேர்ட், கலியாணக் கார்ட் அச்சடிக்கிற அண்ணாமார் யாராவது, எந்த மெஷ் சரிவரும், பிரேம் எங்கே செய்யலாம் என்று சொல்லுங்கள்.

அப்புறம், கிழக்குப் பல்கலைக்கழகத்தின் கோணேசபுரி வளாகத்தில் படிக்கிறவர்களோ ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறவர்களோ இருந்தால், சிப்பைச் சோதித்துப் பார்க்க, செறிவு தெரிந்த அல்புமின் (சிறுநீரில் கசியும் முக்கிய புரதம்) கரைசல் தயாரிக்க உதவுங்கள். நோயாளிகளின் மாதிரி எதையும் நாங்கள் தொடமாட்டோம். அதற்கு நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும். கீழே கொமெண்ட் போடுங்கள், நானே தொடர்புகொள்கிறேன்.