கிட் விமானத்தின் இறக்கை: மணல் மூட்டைச் சோதனை போதுமா?

முட்டம்_ஷெட்:
முட்டத்தில், கடலிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் ஷெட். பாப் ரிவெட் (ஒரு பக்கமிருந்தே அடிக்கும் ஆணி) அடித்து நாமே கட்டுகிற அலுமினிய விமான கிட், இரண்டு இருக்கை, மொத்த எடை 450 கிலோ, எல்லை 3.8 ஜி (எடையைப் போல 3.8 மடங்கு சுமை). மணல் மூட்டை ஏற்றிப் பார்த்தால் இறக்கையை நம்பலாமா? ரிவெட் குறைந்தால் நாகர்கோவிலில் ஹார்டுவேர் கடையில் வாங்கலாமா?

ஸ்பார்_அண்ணாச்சி:
450 × 3.8 = 1,710 கிலோ. இது எல்லைச் சுமை. இதில் இறக்கை வளையலாம், சுமையை எடுத்ததும் பழையபடி நிமிர்ந்துவிட வேண்டும். இதன் 1.5 மடங்கு, 2,565 கிலோவை, மூன்று விநாடி உடையாமல் தாங்க வேண்டும். அந்த 1.5 மடங்கைப் பறக்கப்போகிற இறக்கையில் ஏற்றாதீங்க. அது உடைத்துப் பார்ப்பதற்கென்றே செய்த இறக்கைக்கு.

காற்று மேலே தூக்குவதற்குப் பதிலாக மூட்டை கீழே அழுத்துவதால், இறக்கையைக் குப்புறப் போட்டு, ஸ்ட்ரட் (இறக்கையைத் தாங்கும் சாய்வுக் கம்பி) இருந்தால் அதையும் மாட்டித்தான் சோதிக்கணும். பலர் கோட்டைவிடுவது இறக்கையின் சொந்த எடையை. பறக்கும்போது அது சுமையைக் குறைக்கும், குப்புறக் கிடக்கும்போது கூட்டும். அதனால் 4.8 (3.8 + 1) மடங்கு இறக்கை எடையைக் கழிக்கணும். இரண்டு இறக்கையும் சேர்ந்து 60 கிலோ என்றால் 288 போக 1,422. ஒரு பக்கத்துக்கு 711 கிலோ. நுனியில் காற்று தூக்குவது குறைவு, அங்கே மூட்டையும் குறைவு. பங்கீட்டை டிசைனரிடம் வாங்குங்க. உடலோடு சேரும் வேர்ப்பக்கத்திலிருந்து நுனிக்கு அடுக்கி, நுனியிலிருந்து இறக்குங்க. ஒவ்வொரு மூட்டையையும் எடை போடணும், ஈர மணல் ஏமாத்தும்.

நம்பர்30_டிரில்:
கடை ரிவெட் வேண்டவே வேண்டாம். பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும், வெட்டுவலிமை (தகடுகள் எதிரெதிரே இழுக்கும்போது அறுபடாமல் தாங்கும் திறன்) என்னவென்று யாரும் உத்தரவாதம் தரமாட்டாங்க. கிட் கம்பெனி ரிவெட்டை இரண்டு துண்டுத் தகட்டில் அடித்து, பிளந்து பார்த்துப் பழகுங்க.

துளை மையத்திலிருந்து தகட்டு ஓரம் வரை குறைந்தது ரிவெட் விட்டத்தின் இரு மடங்கு, 3.2 மி.மீ. ரிவெட்டுக்கு 6.4 மி.மீ. அதற்குக் கீழே போனால் ரிவெட் நிற்கும், தகடு கிழியும். துளை நீள்வட்டமாகிவிட்டால் அடுத்த அளவு ரிவெட், அதுவும் ஓர இடைவெளி மிச்சமிருந்தால் மட்டும். பிசிறை இரண்டு பக்கமும் எடுக்கணும், இல்லையென்றால் தகடுகள் ஒட்டி உட்காராது. ஏஎன்3 ரக விமான போல்ட்டுக்கு டார்க் (முறுக்கி இறுக்கும் அளவு) 20 முதல் 25 இஞ்ச்-பவுண்டு. லாக் நட் (தானே கழலாத நட்) கையாலேயே சுற்றினால் தூக்கிப் போடுங்க.

கச்சான்_காத்து:
மூட்டை காட்டாத ஒன்று ஃபிளட்டர், அதாவது வேகத்தில் இறக்கை தானாகவே படபடத்து அதிர்வது. ஜெனித் சி.எச். 601 எக்ஸ்.எல். இறக்கைகள் பறக்கும்போதே முறிந்ததால், 2009 ஏப்ரலில் அமெரிக்க விபத்து விசாரணை அமைப்பான என்.டி.எஸ்.பி. அந்த ரகத்தைப் பறக்கவிடாமல் நிறுத்தச் சொன்னது. பிறகு வந்த மாற்றங்களில் ஸ்பாரை (இறக்கையின் நீளவாக்கு உத்திரம்) பலப்படுத்துவதும் உண்டு, எய்லரானுக்கு (இறக்கையின் பின்னோரத்தில் அசையும் தகடு) எதிர் எடை வைப்பதும் உண்டு. ஆக, வலிமை மட்டும் பார்த்தால் காணாது. பெயின்ட் அடித்தபின் எய்லரான் சமநிலையை மறுபடி பார்க்கணும். எய்லரான் போன்றவற்றை இயக்கும் கேபிளின் இறுக்கத்தை மீட்டர் வைத்து, மேனுவல் சொல்லும் வெப்பநிலைக்கு ஏற்ப வையுங்க. அலுமினிய உடல் எஃகுக் கேபிளைவிட அதிகம் விரியும், மத்தியானம் இறுகும், விடியற்காலை தளரும்.

ஆரல்வாய்மொழிக் கணவாய்ப் பக்கம் காற்று குலுக்கினால் வேகத்தைக் குறைங்க. 3.8 ஜி விமானத்துக்கு ஸ்டால் வேகத்தின் (இறக்கை தூக்கும் திறனை இழக்கும் வேகம்) 1.95 மடங்குதான் வரம்பு. ஸ்டால் 35 நாட் என்றால் 68. எடை குறைந்தால் இந்த வரம்பும் குறையும், கூடாது.

முட்டம்_ஷெட்:
கணக்கு புரிஞ்சுது அண்ணாச்சி. கடல் உப்பு அரிக்காமல் இருக்க என்ன செய்யணும்?

நம்பர்30_டிரில்:
தகடுகள் ஒன்றோடொன்று சேரும் முகங்களில் எபாக்ஸி பிரைமர் (அரிப்பைத் தடுக்கும் அடிப்பூச்சு), ரிவெட் அடிக்கும் முன்பே. அடித்தபின் உள்ளே எதுவும் போகாது. எஃகு பிராக்கெட் அலுமினியத்தைத் தொடும் இடத்தில் இரண்டுக்கும் பிரைமர். நம்ம ஊருக்கு இரண்டு மழையும் உண்டு, வடிகால் துளைகளை மாதாமாதம் கம்பி விட்டுப் பாருங்க. அடையாளம் போட ஸ்கெட்ச் பேனா மட்டும். பென்சில் கரி அலுமினியத்தை அரிக்கும், ஊசிக் கீறலில் விரிசல் தொடங்கும். தகட்டோடு வரும் பிளாஸ்டிக் உறையை வேலை தொடங்கும் வரை வைத்திருக்கலாம் என்று நினைக்காதீங்க, இந்த ஈரத்தில் அதன் அடியில்தான் முதல் வெள்ளைப் பொடி தெரியும்.