சம்பளம் கூட்டியும் நர்ஸ்கள் நிற்கவில்லை, எங்கே பார்ப்பது?

இன்சார்ஜ்30
30 படுக்கை மெடிக்கல் வார்டு. ஸ்டாஃப் நர்ஸ் 22 பேர்; காலை 6, மாலை 6, இரவு 4. கணக்குப்படி ஆள் சரியாகத்தான் இருக்கிறது. சம்பளமும் கூட்டியாயிற்று. ஆனாலும் சேர்ந்த ஒரு வருஷத்துக்குள் பேப்பர் போடுகிறார்கள். கேட்டால் "வீட்டுச் சூழ்நிலை" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை வராது. முதலில் எதைச் சரிசெய்யலாம்?

ரோஸ்டர் பேனா
கணக்கே இடிக்குதே. நாளைக்கு 16 டூட்டி, வாரத்துக்கு 112. ஆளுக்கு 5 டூட்டி என்றால் 22.4 பேர். அதுவும் யாரும் லீவு எடுக்காமல், காய்ச்சலில் படுக்காமல், டிரெயினிங்குக்குப் போகாமல் இருந்தால்தான். இதற்கெல்லாம் கால் பங்கு கூட்டினால் 28. குறைகிற 6 பேரின் வேலை டபுள் டூட்டியாகவும், ஆஃப் அன்று விடிகாலையில் வரும் போனாகவும் மற்றவர் தலையில்தான் விழும். ஒருவர் கிளம்பினால் மிச்சப் பேருக்குச் சுமை ஏறும், அடுத்தவரும் கிளம்புவார். சம்பளத்தால் இந்த ஓட்டையை அடைக்க முடியாது.

ரோஸ்டரையும் பாருங்கள். மாலை முடித்தவருக்கு மறுநாள் காலை போடவே கூடாது. 9 மணிக்கு முடியும் டூட்டி, ஹேண்ட் ஓவர் கொடுத்து சார்ட் எழுதி முடிக்க 9.45 ஆகும், 7 மணிக்குத் திரும்ப வார்டில் நிற்பவர் எவ்வளவு தூங்கியிருப்பார்? இடைவெளி குறைந்தது 11 மணி நேரம் வேண்டும். சுற்று காலை, மாலை, இரவு என்று முன்னோக்கிப் போகட்டும். முன்கூட்டித் தூங்குவதைவிடத் தாமதித்துத் தூங்குவதற்கு உடம்பு சுலபமாகப் பழகும். தொடர்ந்து மூன்று நைட்டுக்கு மேல் வேண்டாம். நைட் முடித்து வீட்டுக்குப் போகிற நாளையே ஆஃப் என்று எழுதும் வழக்கம் இருந்தால் அதை முதலில் நிறுத்துங்கள். அன்றைக்குத் தூங்கத்தான் நேரம் இருக்கும்.

ட்ரிப் ஸ்டாண்ட்
கணக்கு சரி. ஆனால் ஒரு நர்ஸுக்கு 5 நோயாளி என்று பேப்பரில் இருக்கிற 1:5-ஐயும் நம்பாதீர்கள். ஒரே டூட்டியில் இரண்டு டிஸ்சார்ஜ், இரண்டு அட்மிஷன் என்றால் அந்த நர்ஸ் பார்த்தது 7 பேரை. நேரத்தைத் தின்பதே இந்த இரண்டும்தான்.

ஒரு வாரம், நர்ஸ் படிப்பு தேவைப்படாத வேலை ஒவ்வொன்றுக்கும் ஒரு கோடு போடச் சொல்லுங்கள்: வராத மருந்துக்கு ஃபார்மசிக்கு நடை, லேப் ரிப்போர்ட்டுக்கு போன், பில்லிங் விசாரணை, வேலை செய்கிற பிபி மெஷினைத் தேடுவது. அந்தத் தாளை வைத்து ஒரு வார்டு கிளார்க் கேளுங்கள். 28-க்கு நிர்வாகம் தலையாட்டும் முன் கிளார்க் கிடைத்துவிடுவார்.

28-க்குப் பேசும்போது அமெரிக்க நர்சிங் ஆய்வாளர் லிண்டா ஏய்கன் குழுவின் 2002 ஆய்வை எடுத்துப் போங்கள். ஒரு நர்ஸுக்கு ஒரு நோயாளி கூடினால், அறுவைச் சிகிச்சை நோயாளி 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7% கூடுவதாகக் கண்டது. நர்ஸ் சோர்ந்து வெறுத்துப்போகும் வாய்ப்பு 23% கூடுகிறதாம்.

இன்சார்ஜ்30
நன்றி. ஆஃப் விஷயத்தில் நீங்கள் சொன்னதுதான் இங்கே நடக்கிறது. போவது பெரும்பாலும் புதியவர்கள்தான், நாலைந்து மாதத்தில்.

சீனியர் சிஸ்டர்
அப்படியென்றால் பழக்கும் முறையில் கோளாறு. இரண்டாம் வாரமே முழுசாக 5 நோயாளியைக் கொடுக்கிறீர்களா? முதல் இரண்டு வாரம் 2 பேர், பிறகு 3. 5-க்கு வர எட்டு வாரமாவது ஆகட்டும். கற்றுக்கொடுப்பவருக்கும் அந்த நாட்களில் நோயாளி குறைய வேண்டும், இல்லாவிட்டால் புதியவர் கேட்கிற கேள்வியே அவருக்குத் தொந்தரவாகிவிடும். நைட்டில் தனியாக விடுமுன் சர்க்கரை திடீரென இறங்கினால், ரத்தம் ஏற்றும்போது நடுக்கம் வந்தால் என்ன செய்வது, யாரை எழுப்புவது என்று செய்துகாட்டச் சொல்லிப் பாருங்கள்.

இன்னொன்று. ஏன் போகிறாய் என்று நீங்கள் கேட்காதீர்கள். அனுபவச் சான்றிதழில் கையெழுத்துப் போடுகிறவரிடம் வீட்டுச் சூழ்நிலையைத்தான் சொல்வார்கள். ரிலீவ் ஆகி மூன்று மாதம் கழித்து, வார்டுக்குச் சம்பந்தமில்லாத ஒருவர் போனில் கேட்கட்டும்.